கிளீட் பெடலின் பிடியை வீட்டிலேயே சரிசெய்வது எப்படி

புதுச்சேரி, கடலூர் பக்கம் சைக்கிளில் கிளீட் பெடல் (ஷூவின் அடியில் பூட்டிய கிளீட் என்ற சின்னத் தகட்டைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும் பெடல்) மாட்டி ஓட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்கு மேல் ஒரு தடவையாவது விழுந்திருப்பார்கள். அதுவும் இ.சி.ஆரில் பறக்கும்போது இல்லை. மரப்பாலம் சிக்னலிலோ மஞ்சக்குப்பத்திலோ வண்டி முழுசாக நின்ற பிறகு, பக்கத்து ஆட்டோவில் இருப்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, கால் கழலாமல் அப்படியே மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து விழுவார்கள். முட்டியும் முழங்கையும் தேயும், மானம் போகும். பின்னால் பஸ் வந்தால் அதோடு நிற்காது. இதில் பெரும்பாலானவற்றை வீட்டிலேயே, ஒரு சின்னத் திருகை நாலைந்து கிளிக் தளர்த்தித் தவிர்த்திருக்கலாம்.

கடையில் பெடலை மாட்டிக் கொடுப்பார்கள், ஷூவில் கிளீட்டையும் பூட்டிக் கொடுப்பார்கள், ஆனால் பிடி எவ்வளவு இருக்கிறது என்று உங்கள் காலை வைத்துப் பார்த்து அனுப்பும் கடை குறைவு. பார்த்தாலும் அது அவருடைய கணக்குதான். கழற்ற வேண்டியது உங்கள் கால், அதனால் இந்த வேலையை நீங்களே கற்றுக்கொள்வது நல்லது, பெரிய வித்தையும் இல்லை.

முதலில் இந்தப் பெடல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் திருகு எதற்கு என்பது தானாகப் புரியும். பிரான்ஸில் நெவேர் என்ற ஊரில் இருந்த லூக் நிறுவனம் பனிச்சறுக்குப் பலகையில் பூட்ஸைப் பிடித்துக்கொள்ளும் பைண்டிங் செய்து பேர் வாங்கியது. அதே யோசனையை சைக்கிளுக்குக் கொண்டுவந்து 1984-இல் பெடல் விட்டார்கள், 1985-இல் பிரெஞ்சு வீரர் பெர்னார் ஈனோ அந்தப் பெடலில் மிதித்துத்தான் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை ஜெயித்தார். ஜப்பானிய ஷிமானோ நிறுவனத்தின் எஸ்.பி.டி. என்ற கிளீட் பெடல் 1990-இல் வந்தது. நம்மூரில் பிரான்ஸில் சொந்தக்காரர் இல்லாத வீதி குறைவு, அதனால் லீவுக்கு வரும் மாமாவோ சித்தப்பாவோ பெட்டியில் போட்டுக் கொண்டுவந்த லூக் பெடல்கள் இங்கே நிறையவே ஓடிக்கொண்டிருக்கின்றன. பெரும்பாலும் பெட்டியோடு வந்த கையேடு பிரான்ஸிலேயே தங்கிவிடும்.

பனிச்சறுக்குக்கும் இதற்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. அங்கே விழும் வேகத்தில் கால் முறுக்கிக்கொண்டால் பைண்டிங் தானே பூட்ஸை விட்டுவிட வேண்டும். எவ்வளவு விசையில் விட வேண்டும் என்பதை ஆளின் எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிப்பாகத்தின் நீளம், எவ்வளவு முரட்டுத்தனமாகச் சறுக்குவார் என்பதையெல்லாம் வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். அந்த எண்ணைத்தான் டின் என்கிறார்கள், வைத்த எண்ணில் பைண்டிங் உண்மையிலேயே விடுகிறதா என்று கடையில் கருவி வைத்தும் பார்ப்பார்கள். சைக்கிள் பெடலுக்கு அப்படி அட்டவணை எதுவும் கிடையாது. நீங்கள் குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் அது விடும், இல்லையென்றால் நீங்கள் தரையில் கிடந்தாலும் பிடித்துக்கொண்டே இருக்கலாம். ஆகவே இங்கே சரியான அளவு என்பது ஒன்றே ஒன்றுதான், யோசிக்காமல் திருப்பினால் கால் வெளியே வர வேண்டும். (குல்மார்க், ஔலி என்று பனிச்சறுக்கப் போகிறவர்கள் இந்தத் திருகு அனுபவத்தை அங்கே காட்ட வேண்டாம். வாடகைக்குக் கொடுக்கும் கடையில் எடையையும் வயதையும் மறைக்காமல் சொல்லி அவர்களையே வைக்கச் சொல்லுங்கள்.)

எல்லாப் பெடலிலும் திருகு இருக்காது. ஷிமானோ எஸ்.பி.டி. வகையிலும், ரோடு சைக்கிளுக்கான எஸ்.பி.டி.-எஸ்.எல். வகையிலும் இருக்கும். லூக்கின் கியோ வகையில் பல மாடல்களில் இருக்கும், ஆனால் பிளேடு என்று பேர் போட்ட மாடலில் ஸ்பிரிங்குக்குப் பதில் கார்பன் தகடு, பிடியை மாற்ற வேண்டுமானால் தகட்டையே மாற்ற வேண்டும். கிராங்க் பிரதர்ஸ் என்ற கம்பெனியின் பெடலில் திருகே கிடையாது, அதில் இடது வலது கிளீட்டுகளை ஷூ மாற்றிப் பூட்டினால் கால் கழலும் கோணம் மாறும், அவ்வளவுதான். இனி சொல்லப்போவது பெரும்பாலும் எஸ்.பி.டி.க்கு, ஏனென்றால் இங்கே புதிதாக வாங்குகிறவர்கள் அதிகம் வாங்குவது அதைத்தான், வாங்கவும் வேண்டும். ஷூவின் அடியில் கிளீட் உள்ளடங்கி இருப்பதால் மரக்காணம் போகிற வழியில் டீக்கடையில் இறங்கினால் வழுக்காமல் நடக்கலாம். ரோடு கிளீட்டோடு டைல்ஸ் போட்ட கடைப் படியில் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சாமான் அதிகம் வேண்டாம். 3 மி.மீ. ஆலன் கீ ஒன்று, ஹார்டுவேர் கடையில் எல்என் கீ என்று கேட்டாலும் தருவார்கள். ரோடு பெடலாக இருந்தால் மாடலைப் பொறுத்து 2.5 மி.மீ. தேவைப்படலாம், கிளீட் போல்ட்டுக்கு 4 மி.மீ. பழைய பல் துலக்கும் பிரஷ், கொஞ்சம் துணி, ஒரு துளி லேசான எண்ணெய், அப்புறம் ஒரு ஊக்கு. ஊக்கு எதற்கு என்றால், ஷூவைத் திருப்பிப் பாருங்கள், கிளீட் போல்ட்டின் தலைக்குழியில் தார், பொடிக்கல், தேவனாம்பட்டினம் மணல் எல்லாம் சேர்ந்து சிமெண்ட் மாதிரி இறுகியிருக்கும். அதை ஊக்கு முனையால் கிளறி எடுக்காமல் சாவியைச் செருகினால் சாவி பாதிதான் உள்ளே போகும், நீங்கள் அழுத்தித் திருப்புவீர்கள், குழியின் ஆறு மூலையும் மழுங்கி வட்டமாகிவிடும். அதற்குப் பிறகு அந்த போல்ட்டை எடுக்க டிரில் வைத்திருக்கும் ஆளைத் தேட வேண்டியதுதான். பெடலில் இருக்கும் திருகுக்கும் இதே கதை, அதன் குழியையும் முதலில் சுத்தம் பண்ணுங்கள்.

சாவியைத் தொடுமுன் பெடலையும் பிரஷ் போட்டுத் தேயுங்கள். ஆரோவில் காட்டுப் பாதைகளில் ஓட்டினவர் என்றால் ஸ்பிரிங் சுருளுக்குள் செம்மண் அப்பியிருக்கும், மழையில் நனைந்து காய்ந்த செம்மண் ஸ்பிரிங்கையே அசையவிடாது. பிடி அதிகமாக இருக்கிறது என்று திருகைத் தளர்த்திக்கொண்டே போகிறவர்கள் பலர், உண்மையில் அங்கே இருந்தது மண். கழுவித் துடைத்து, பிடிக்கும் நகம் திரும்புகிற இடத்தில் ஒரு துளி எண்ணெய் விட்டு, விரலால் நகத்தை அழுத்திப் பாருங்கள், அழுத்தினால் உள்ளே போய், விரலை எடுத்தால் தடங்கல் இல்லாமல் திரும்ப வேண்டும். மிச்ச எண்ணெயைத் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த சவாரியிலேயே இரண்டு மடங்கு மண் ஒட்டும்.

சரி, திருகுக்கு வருவோம். இதற்குப் பெடலைக் கழற்ற வேண்டாம், சைக்கிளிலேயே இருக்கட்டும். எஸ்.பி.டி. பெடலில் இரண்டு முகம் உண்டு, ஒவ்வொரு முகத்திலும் பின்பக்க நகத்தின் முதுகில் ஒரு திருகு. ஆக இரண்டு பெடலுக்கும் சேர்த்து நாலு திருகு. இதைக் கவனிக்காமல் விடுவதுதான் எல்லாவற்றையும்விட அதிகம் நடக்கிறது. மேலே தெரிகிற முகத்தை மட்டும் தளர்த்திவிட்டுப் போய்விடுவார்கள், சாலையில் கால் எந்த முகத்தில் மாட்டுகிறது என்பது உங்கள் கையில் இல்லை, இறுக்கமான முகத்தில் மாட்டிய நாளில் விழுவார்கள். ஒரு பக்கம் கிளீட், மறுபக்கம் சாதா பெடல் என்று வரும் மாடலில் மொத்தம் இரண்டே திருகு.

திருகின் தலையை நேராகப் பார்த்தபடி கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால் பிடி இறுகும், எதிர்த்திசையில் தளரும். பல பெடல்களில் கூட்டல், கழித்தல் குறி சின்னதாகப் பொறித்திருக்கும். திருப்பும்போது கையில் கிளிக் கிளிக் என்று உணர்வு வரும், ஒரு முழுச் சுற்றுக்கு நாலு கிளிக். பக்கத்தில் ஒரு சின்ன அடையாளத் தகடு நகர்வதும் தெரியும், அதுதான் இப்போது எங்கே இருக்கிறோம் என்று காட்டுவது. முதலில் நாலு திருகையும் தளர்ந்த கடைசி நிலைக்குக் கொண்டுபோங்கள். கடைசி என்றால் அடையாளம் எல்லையைத் தொடும் இடம், அதற்கு மேலும் திருப்பினால் உள்ளே இருக்கும் தகடு திருகிலிருந்து கழன்று விழுந்துவிடும். சாவி சட்டென்று லேசாகப் போகிறதே என்று தோன்றினால் அங்கேயே நிறுத்தி இரண்டு கிளிக் திரும்பி வாருங்கள். நாலும் ஒரே இடத்துக்கு வந்துவிட்டதா என்று அடையாளத்தைப் பார்த்து உறுதிப்படுத்துங்கள். இனி எதை மாற்றினாலும் நாலிலும் அதே எண்ணிக்கை கிளிக் மாற்ற வேண்டும், எண்ணி ஒரு தாளில் குறித்து வைத்தால் இன்னும் நல்லது.

புதிதாக மாட்டுகிறவர் என்றால் திருகு வேலை இதோடு முடிந்தது. மிகத் தளர்ந்த நிலையில்தான் ஆரம்பிக்க வேண்டும், எடை எவ்வளவு இருந்தாலும் சரி. இறுக்கி வைத்தால் பவர் அதிகம் கிடைக்கும் என்று குழுவில் யாராவது அண்ணன் சொல்வார். மிதிக்கிற விசை கீழ்நோக்கிப் போகிறது, இந்த ஸ்பிரிங் பார்த்துக்கொள்வது கால் பக்கவாட்டில் திரும்பிக் கழலாமல் இருப்பதை, அதனால் அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு தலையை மட்டும் ஆட்டிவிடுங்கள்.

அடுத்தது சுவர்ச் சோதனை, இதைத் தவிர்க்கவே கூடாது. வண்டியைச் சுவரோரமோ ஜன்னல் கம்பியோரமோ நிறுத்தி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். வெளிப்பக்கக் காலை மாட்டுங்கள், கிளிக் சத்தம் கேட்க வேண்டும், கேட்கவில்லை என்றால் அரைகுறையாக மாட்டியிருக்கிறது. இப்போது குதிகாலை வெளிப்பக்கம் திருப்புங்கள், முட்டியைத் திருப்பாமல் குதிகாலை. ஷூ நுனி வண்டிப் பக்கம் போகும், குதிகால் வண்டியை விட்டு விலகும், கழன்றுவிடும். பெடல் கீழே இருக்கும்போது செய்யுங்கள், முன்னால் இருக்கும்போது செய்யுங்கள், மேலே இருக்கும்போதும் செய்யுங்கள். மேலே இருக்கும்போது முட்டி மடங்கியிருப்பதால் கொஞ்சம் கஷ்டப்படும், அந்த நிலையிலும் பல்லைக் கடிக்காமல் கழன்றால்தான் பாஸ். பிறகு பெடலின் மறுமுகம். பிறகு வண்டியைத் திருப்பி நிறுத்தி அடுத்த கால். முக்கியமாக, கண்ணால் கீழே பார்க்காமல், பக்கத்தில் யாரோடாவது பேசிக்கொண்டே செய்து பாருங்கள், சிக்னலில் உங்கள் கவனம் காலில் இருக்காது. காலை மேலே இழுத்தால் கழலுமா என்று பயத்தில் எல்லோரும் முதலில் இழுப்பார்கள், சாதாரண கிளீட் மேலே இழுத்தால் விடாது, விடக் கூடாது. கை கால் பயத்தில் தானாக இழுக்கும் என்பதால்தான் இவ்வளவு தடவை சுவரோரம் திருப்பிப் பழகச் சொல்வது.

திருப்பியும் வராமல் மாட்டிக்கொண்டால் பதற வேண்டாம், ஷூவின் ஸ்ட்ராப்பை அவிழ்த்து ஷூவை விட்டுவிட்டுக் காலை வெளியே எடுத்துவிடலாம். அதை ஒருமுறை வீட்டில் செய்து பாருங்கள், சாலையில் அவசரம் வந்தால் கை நினைவில் வைத்திருக்கும்.

சுவரை விட்டால் புல்தரையோ மணல் மைதானமோ தேடுங்கள், விழுந்தாலும் பரவாயில்லாத இடமாக. நேரே சாலைக்குப் போகாதீர்கள், அதிலும் சனி ஞாயிறு சென்னை வண்டிகள் வரிசை கட்டும் நாளில். மெதுவாக உருட்டி, நிற்க நினைக்கும் இடத்துக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் முன்பே ஒரு காலைக் கழற்றி, அந்தப் பக்கம் சாய்ந்து நில்லுங்கள். எந்தக் கால்? இங்கே இடதுகால். இணையத்தில் பார்க்கும் வீடியோக்களில் பல, வாகனங்கள் வலதுபக்கம் ஓடும் நாடுகளில் எடுத்தவை, அவர்கள் சாலை ஓரம் வலதுபுறம், வலதுகாலைக் கழற்றுவார்கள். அதை அப்படியே பழகிக்கொண்டு கடலூர் சாலையில் வந்து நின்றால் நீங்கள் சாய்வது பஸ் வரும் பக்கம். இடதுகாலைத்தானே கழற்றப்போகிறோம், அதை மட்டும் தளர்த்தி வலதை இறுக்கினால் என்ன என்று கேட்கத் தோன்றும். வேண்டாம். வண்டி எதிர்பாராமல் வலதுபக்கம் சாய்ந்தால் வலதுகால்தான் தரைக்கு ஓட வேண்டும், குறுக்கே நாய் ஓடிவரும்போது எந்தப் பக்கம் சாய்வோம் என்று யாருக்குத் தெரியும்.

எப்போது இறுக்கலாம்? மேட்டில் எழுந்து மிதிக்கும்போதோ வேகத்தடையில் குதிக்கும்போதோ நீங்கள் நினைக்காமலே கால் கழன்றுவிடுகிறது என்றால். அதுவும் ஆபத்துதான், நின்று மிதிக்கும்போது கால் நழுவினால் மொத்த உடம்பும் சீட்டுக்கு முன்னால் இருக்கும் டாப் டியூப் கம்பி மேல் விழும், அதைப் பற்றி மேலும் விவரிக்க வேண்டாம். ஆனால் திருகைத் தொடும் முன் கிளீட்டைப் பாருங்கள். முன்விளிம்பு தேய்ந்து மெலிந்திருந்தால், மாட்டிய பின் குதிகால் கொழகொழவென்று ஆடினால், தேய்ந்தது கிளீட், திருகை இறுக்கி அதைச் சரிசெய்ய முடியாது. கிளீட் நன்றாக இருந்து, அப்படியும் கழன்றால் நாலு திருகிலும் ஒரு கிளிக். சுவர்ச் சோதனை. இரண்டு மூன்று சவாரி. அப்புறமும் போதவில்லை என்றால் இன்னொரு கிளிக். மொத்தமாக ஒரு சுற்றுத் திருப்பிவிட்டு அடுத்த நாள் திண்டிவனம் வரை போகலாம் என்று கிளம்பக் கூடாது. போகும்போது நன்றாகத்தான் இருக்கும், திரும்பி வரும்போது வெயிலில் களைத்த காலுக்கு அந்த நாலு கிளிக் பெரிய கிளிக்.

எஸ்.பி.டி.யில் எஸ்.எச். 51, எஸ்.எச். 56 என்று இரண்டு விதமான கிளீட் கிடைக்கும். முதலாவது பக்கவாட்டில் திருப்பினால் மட்டும் விடும், கறுப்பாக இருக்கும், பெரும்பாலான பெடலோடு வருவது அதுதான். 56 பல திசையில் விடும், குதிகாலைத் தூக்கி வெடுக்கென்று இழுத்தாலும் வந்துவிடும். பயம் அதிகம் உள்ளவர்களுக்கும், டவுனுக்குள் நேரு வீதி, மிஷன் வீதி என்று நின்று நின்று ஓட்டுகிறவர்களுக்கும் 56 நல்லது. வேகமாக நின்று மிதிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு வேண்டாம், மேலே இழுக்கும்போது கழன்றுவிடும்.

திருகைவிட ஆபத்தான இடம் ஒன்று இருக்கிறது, கிளீட்டை ஷூவில் பிடித்திருக்கும் இரண்டு போல்ட். ஒன்று கழன்று விழுந்துவிட்டால் மிச்ச ஒன்றையே அச்சாக வைத்துக் கிளீட் சுழல ஆரம்பிக்கும். நீங்கள் குதிகாலைத் திருப்புவீர்கள், ஷூ திரும்பும், கிளீட் பெடலுக்குள் அப்படியே இருக்கும். திருகு எவ்வளவு தளர்வாக இருந்தாலும் பிரயோஜனம் இல்லை, கால் வராது. அப்போதுதான் மேலே சொன்ன ஷூவை அவிழ்த்து வெளியே வரும் வித்தை உதவும். போல்ட் இழையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் வரை இறுக்க வேண்டும். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் குட்டைச் சாவியால் இரண்டையும் மாற்றி மாற்றி, கை மணிக்கட்டு பலத்தில் நன்றாக இறுக்குங்கள், நீள பைப் மாட்டி முழு உடம்பையும் போட வேண்டாம். புதுக் கிளீட் என்றால் முதல் சில சவாரிக்குப் பிறகு மறுபடி ஒருதடவை இறுக்கிப் பார்க்க வேண்டும், ஷூ அடிப்பாகத்தில் பதிந்து கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

இங்கே கடல் பக்கத்தில் இருப்பதால் துரு ஒரு தனி வேலை. கடற்கரைச் சாலைக்குப் பக்கத்தில் வீடு என்றாலோ, மரக்காணம் உப்பளம் பக்கம் அடிக்கடி போய்வந்தாலோ, ஸ்பிரிங்கும் திருகும் உப்புக்காற்றில் சீக்கிரம் சிவக்கும். போய்வந்தவுடன் பெடலை நல்ல தண்ணீர் ஊற்றித் துடைத்து, திருகின் இழையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்டினால் ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் இதைச் செய்யுங்கள். மாதம் ஒருதடவையாவது நாலு திருகையும் ஒரு கிளிக் இறுக்கி மறுபடி ஒரு கிளிக் தளர்த்திவிடுங்கள், சும்மா விட்டால் இறுகிப்போய் தேவைப்படும் நாளில் அசையாது.

முட்டியில் வலி வந்தால் உடனே பிடியைக் குறை சொல்லாதீர்கள், பெரும்பாலும் கிளீட் கோணலாகப் பூட்டியிருக்கும், பாதம் இயல்பாக எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கமே கிளீட்டும் பார்க்கும்படி திருப்பிப் பூட்டுங்கள். ஆனால் கழற்றும்போது மட்டும் முட்டியின் பக்கத்தில் சுரீர் என்றால் அது பிடி அதிகம் என்பதற்கான அடையாளம், தளர்த்துங்கள். முட்டியில் ஆபரேஷன் ஆனவர்கள், தசைநார் கிழிந்து ஆறியவர்கள், திருப்புகிற அசைவு செய்யலாமா என்று மருத்துவரைக் கேட்ட பிறகு மாட்டினால் போதும், அதுவரை சாதா பெடல் ஒன்றும் கேவலம் இல்லை.

கிளீட்டைப் புதிதாக மாற்றினால் திருகு அதே இடத்தில் இருந்தாலும் பிடி இறுகிவிடும், பழைய கிளீட்டின் தேய்மானத்துக்கு ஏற்ப நீங்கள் ஏற்றி வைத்திருந்த கிளிக்குகள் புதுசுக்கு அதிகம். நாலு திருகையும் மறுபடி கடைசி வரை தளர்த்தி, சுவரோரம் நின்று முதலிலிருந்து ஆரம்பியுங்கள். நண்பருடைய வண்டியை ஒரு நாளைக்கு வாங்கி ஓட்டினாலும், உங்கள் பெடலில் அவர் ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாலும் இதேதான், அவர் எத்தனை கிளிக் இறுக்கினார் என்று அவருக்கே ஞாபகம் இருக்காது.